காரும் கைபேசியும்: எந்த வேலை யாருக்கு?

2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு புதிய கார் வகைக்கும் ஒரு கடமை உண்டு. மோதலில் ஏர்பேக் விரிந்தால், ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தாலும், கார் தானாகவே 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். அந்த அழைப்போடு 140 பைட்டுக்கு மிகாத ஒரு தகவல் பொதியும் போகும். வண்டி நிற்கும் இடம், அது போய்க்கொண்டிருந்த திசை, விபத்து நேர்ந்த நேரம், வாகன அடையாள எண், எரிபொருள் வகை ஆகியவை அதில் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஈகால் என்று பெயர்.

அழைப்பதற்குத் தனியாக ஒரு கருவி எதற்கு, ஓட்டுநரிடம்தான் கைபேசி இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். ஃபோர்டு நிறுவனத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து அது 2007இல் கொண்டுவந்த சிங்க் என்ற அமைப்பில், பின்னர் 911 அசிஸ்ட் என்ற வசதி சேர்ந்தது. மோதலை உணர்வது காரின் வேலை. அவசர எண்ணை அழைப்பது ப்ளூடூத்தில் இணைந்திருக்கும் கைபேசியின் வேலை. காருக்கென்று சிம் வேண்டாம், சந்தா வேண்டாம். ஐரோப்பா வேறு வழியில் போனது. சிம், ஆன்டெனா, மைக் எல்லாவற்றையும் காருக்குள்ளேயே வைக்கச் சொன்னது.

ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. இன்றைக்குச் சாலையில் ஓடும் பெரும்பாலான புதிய கார்களில் இரண்டு கணினிகள் சேர்ந்து பயணம் செய்கின்றன: ஒன்று வண்டியோடு பிறந்தது, மற்றொன்று நம் சட்டைப்பையில் வந்து ஏறுவது. எந்த வேலையை எதனிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, வேகமான புராசசர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடு என்பதுதான் முதலில் தோன்றும் பதில். அது போதுமான பதில் அல்ல. சில வேலைகளை ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும். சிலவற்றைப் பங்கு போட வேண்டும். சிலவற்றை இருவருமே முழுதாகச் செய்ய வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதில்தான் இந்தத் துறையின் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இருவரின் இயல்பு

காரில் உள்ள தொடர்புக் கருவியை டெலிமேட்டிக்ஸ் அலகு என்பார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னாலோ கூரைக்கு அடியிலோ இருக்கும் சிறு பெட்டி அது. உள்ளே ஒரு மொபைல் மோடம், செயற்கைக்கோள் வழி இடமறியும் சில்லு, ஒரு சிறிய புராசசர், வண்டியின் உள்வலையோடு பேசுவதற்கான இணைப்பு ஆகியவை இருக்கும். அந்த உள்வலையின் பெயர் கேன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. எஞ்சின், பிரேக், ஏர்பேக், கதவு, விளக்கு எல்லாம் இந்தக் கம்பியில்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு செய்திக்கு அதிகபட்சம் 8 பைட், நொடிக்கு அதிகபட்சம் 10 லட்சம் பிட். கைபேசியின் வேகத்தோடு பார்த்தால் இது ஆமை. ஆனால் யாருடைய செய்தி முதலில் போக வேண்டும் என்ற வரிசை இதில் குழப்பமில்லாமல் தீர்மானமாகியிருக்கும். பிரேக்கின் செய்தி கண்ணாடி ஏற்றும் மோட்டாரின் செய்திக்குக் காத்திருக்காது.

கார் மின்னணுவுக்கு வெயிலும் குளிரும் பொருட்டல்ல. கார்களுக்கென்று தயாராகும் சில்லுகள் பல, உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸிலிருந்து மேலே 105 டிகிரி வரை வேலை செய்யும்படி சோதிக்கப்பட்டவை. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் சொல்கிறது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் இந்த எல்லை சில நிமிடங்களிலேயே தாண்டிவிடும். கண்ணாடிக்குக் கீழே கைபேசியை மாட்டி, வரைபடம் ஓடவிட்டு, சார்ஜும் போட்டு, மதியத்தில் ஓட்டியவர்களுக்குத் திரை மங்குவதும் சார்ஜ் நின்றுபோவதும் தெரிந்த விஷயம்தான். அது பழுதல்ல, கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

ஆன்டெனாவிலும் கார்தான் கொடுத்து வைத்தது. இரும்புக் கூண்டுக்கும் பூச்சிட்ட கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் கைபேசிக்கு அலைகள் பலவீனமாகவே வந்து சேரும். கோபுரத்தை எட்ட அது கூடுதல் சக்தியோடு ஒலிபரப்ப வேண்டும்; பேட்டரி கரையும், சூடு ஏறும். கூரையின் மேல் நிற்கும் ஆன்டெனாவுக்கு இந்தத் தடை இல்லை.

கைபேசியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது புதியது. கார் ஒன்றை வடிவமைக்கத் தொடங்கி விற்பனைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். அதன் சில்லுகள் அந்தத் தொடக்கக் காலத்திலேயே தேர்வாகிவிடும். வாங்கியபின் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். இந்தியாவில் தனியார் காரின் பதிவே 15 ஆண்டுகளுக்குத்தான் தருகிறார்கள். கைபேசியை நாம் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மென்பொருள் அதில் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது. நம் தொடர்பு எண்கள், பாட்டுகள், போக வேண்டிய இடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அனுப்புவதா, இங்கேயே செய்வதா

ஒரு கணிப்பு வேலையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதா, பக்கத்திலுள்ள கணினிக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தானே செய்தால் ஆகும் நேரம் ஒரு பக்கம். தரவை அனுப்ப ஆகும் நேரம், அங்கே கணிக்க ஆகும் நேரம், விடை திரும்பிவர ஆகும் நேரம் மூன்றின் கூட்டுத்தொகை மறுபக்கம். எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நேரத்துக்குப் பதில் மின்சாரத்தை வைத்தும் இதே கணக்கைப் போடலாம்.

இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். பலவீனமான கையடக்கக் கருவி, போகும் இடத்திலெல்லாம் அருகிலிருக்கும் வலுவான கணினிகளின் உதவியைத் தேடிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கருத்தை 2001இல் அவர் எழுதினார். 2009இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை மேலும் விரித்தார்: தொலைதூரத் தரவு மையத்தைவிட, ஒரே இணைப்பில் எட்டக்கூடிய சிறு சர்வர் பல வேலைகளுக்குச் சிறந்தது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் மவுயி என்ற அமைப்பைச் செய்து காட்டினார்கள். ஒரு செயலியின் எந்தப் பகுதியைக் கைபேசியில் ஓட்டுவது, எதை வெளியே அனுப்புவது என்பதை ஓடும்போதே முடிவு செய்யும் அமைப்பு அது. சர்வர் அருகில் இருந்தால் பேட்டரி கூடுதலாக மிச்சமாகிறது என்று அந்த ஆய்வும் உறுதி செய்தது. கைபேசிக்கு மிக அருகில் ஒரு மீட்டருக்குள் நிற்கும் கணினி எது என்று பார்த்தால், பயண நேரத்தில் அது காராகத்தான் இருக்கும்.

இரண்டு உதாரணங்களில் கணக்கின் போக்கு விளங்கிவிடும். ஓட்டுநர் 3 நொடி பேசி, போக வேண்டிய இடத்தைக் கேட்கிறார். நொடிக்கு 16,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்று குரலைப் பதிந்தால், சுருக்காமலேயே மொத்தம் 96 கிலோபைட்தான். ஆனால் அந்த ஒலியிலிருந்து சொற்களைப் பிரித்து, பொருளையும் கண்டுபிடிக்கப் பெரிய கணிப்பு வேண்டும். தரவு சிறியது, வேலை பெரியது. அரை நொடி தாமதித்தாலும் குடி முழுகாது. ஆகவே காரின் மைக் கேட்பதைக் கைபேசிக்கும், தேவையானால் அங்கிருந்து தரவு மையத்துக்கும் அனுப்பலாம்.

மறுபுறம், முன்னால் போகும் வண்டியைப் பார்த்துப் பிரேக் போட உதவும் கேமராவை எடுத்துக்கொள்வோம். 1920க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 30 படங்கள் என்றால் சுருக்காத தரவு நொடிக்கு 186 மெகாபைட்டைத் தாண்டும். விடையோ உடனே வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானாலும் கார் 2.8 மீட்டர் முன்னால் போய்விட்டிருக்கும். இதைக் காருக்குள், கேமராவுக்குப் பக்கத்திலேயே முடிக்க வேண்டும். ஏர்பேக்கின் முடிவு இன்னும் அவசரமானது. மோதல் தொடங்கிய சில பத்து மில்லிநொடிகளுக்குள் அது எடுக்கப்பட்டாக வேண்டும். அதற்கென்றே உள்ள தனி அலகு யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிறது.

ஒருவர் மட்டுமே செய்ய வேண்டியது

காரில் கை தொடாமல் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவரின் குரல் காரின் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. அதே குரல் காரின் மைக்கிலும் விழுந்து, அவருக்கே எதிரொலியாகத் திரும்பிப் போகும். இதை நீக்க ஒரு கணிப்பு நடக்க வேண்டும்: ஸ்பீக்கருக்குப் போன ஒலி எது என்று தெரிந்துகொண்டு, மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். டயர் இரைச்சலையும் காற்றின் இரைச்சலையும்கூட இதேபோலப் பிரித்தெடுக்க வேண்டும். கைபேசிக்கு இது தெரியும். காருக்கும் தெரியும். இருவரும் செய்தால் என்ன ஆகும்? ஒரே குழம்புக்கு இருவர் உப்புப் போட்ட கதைதான். முதல் கழித்தலில் ஏற்கெனவே உருமாறிய ஒலியை இரண்டாவது கழித்தல் மேலும் சிதைக்கும். சொற்களின் நுனி வெட்டுப்படும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

ப்ளூடூத்தின் ஹேண்ட்ஸ்ஃப்ரீ விதிமுறையில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. இணைப்பு ஏற்பட்டதும், எதிரொலி நீக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன்னுடையதை நிறுத்து என்று கார் கைபேசிக்குச் சொல்லலாம். கைபேசி ஒத்துக்கொண்டு ஒதுங்கும். காரிடம் இந்த வேலை போவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கர் எங்கே, மைக் எங்கே, ஒலி எந்தக் கண்ணாடியில் பட்டு எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பதெல்லாம் காரைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். வேகமான புராசசர் கைபேசியிடம் இருந்தாலும், வேலைக்கு வேண்டிய அறிவு காரிடம் இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் உங்கள் குரல் தெளிவாக இல்லை என்று தொடர்ந்து சொன்னால், இந்தப் பேச்சுவார்த்தை சரியாக நடக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். காரின் மென்பொருளையும் கைபேசியின் மென்பொருளையும் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது.

பங்கு போட வேண்டியது

ஆப்பிளின் கார்பிளே 2014இல் அறிமுகமானது. கூகுள் அதே ஆண்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. கைபேசியின் வரைபடமும் பாட்டும் காரின் திரையில் ஓடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் காரின் திரையில் எந்தச் செயலியும் ஓடவில்லை. கைபேசி ஒவ்வொரு நொடியும் படங்களை வரைந்து, வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. கார் அதை விரித்துக் காட்டுகிறது. நாம் திரையைத் தொட்டால், எந்தப் புள்ளியைத் தொட்டோம் என்பது மட்டும் கைபேசிக்குத் திரும்பிப் போகிறது.

சுருக்குவதும் விரிப்பதும் ஏன்? 800க்கு 480 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரைக்குக்கூட, நொடிக்கு 30 படம் என்றால், சுருக்காத தரவு நொடிக்கு 27 கோடி பிட்டைத் தாண்டும். வீடியோவாகச் சுருக்கினால் அதில் மிகச் சிறு பகுதி போதும். அதாவது இரு பக்கமும் கொஞ்சம் கணிப்பைச் செலவழித்து, நடுவிலுள்ள பாதையின் சுமையைக் குறைக்கிறார்கள். வீடியோ விரிப்பதற்கென்றே உள்ள சுற்று காரின் சில்லில் இருப்பதால், பழைய கார்கூட இதைச் சிரமமின்றிச் செய்யும். கம்பியில்லா இணைப்பில் ப்ளூடூத் அறிமுகத்தை மட்டும் செய்துவைக்கிறது. கடவுச்சொல்லைப் பரிமாறிக்கொண்டபின் வீடியோ வைஃபையில் ஓடுகிறது. வைஃபை, வீடியோ சுருக்கம், வரைபடம், மொபைல் இணையம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் கம்பியில்லாமல் இணைக்கும்போது கைபேசி அதிகம் சூடாகிறது.

வேறு வகைப் பங்கீடும் உண்டு. ஃபோர்டும் டொயோட்டாவும் 2017இல் கூட்டமைப்பு தொடங்கி முன்னெடுத்த ஸ்மார்ட்டிவைஸ்லிங்க் முறையில், கைபேசி பெரும்பாலும் படம் அனுப்புவதில்லை. பாட்டின் பெயர் இது, பொத்தான்கள் இவை என்று சொற்களாக அனுப்பும். கார் தன் பாணியில் வரைந்துகொள்ளும். தரவு மிகக் குறைவு. ஆனால் புதிய வகைத் தோற்றம் ஒன்றைச் செயலி விரும்பினால், அதை வரையத் தெரியாத பழைய கார் தடையாக நிற்கும். எவ்வளவு வேலை காரிடம் போகிறதோ, அவ்வளவு தூரம் காரின் வயது நம்மைக் கட்டிப்போடும்.

காரிலிருந்து கைபேசிக்குப் போகும் சரக்குதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கோவையிலிருந்து திருச்சூர் போகும் நெடுஞ்சாலையில் குதிரான் சுரங்கப்பாதை இருக்கிறது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். உள்ளே நுழைந்ததும் செயற்கைக்கோள் தெரியாது. தனியாக இருக்கும் கைபேசி, கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். காருக்கோ சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது தெரியும். எவ்வளவு திரும்பினோம் என்பதும் பல கார்களுக்குத் தெரியும். கார் நிறுவனம் வழிவிட்டிருந்தால், சக்கர வேகத்தையும் கூரை ஆன்டெனாவின் இடக்குறிப்பையும் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் பெற்றுக்கொள்ளும். கணிப்பது கைபேசி, உணர்வது கார். சிறு சிறு எண்கள்தான் கைமாறுகின்றன. சுரங்கத்துக்குள் வழி தவறாமல் இருக்க அவை போதும்.

இந்தக் கூட்டு இல்லாத காலத்தில் ஆய்வாளர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். மைக்ரோசாஃப்ட்டின் பெங்களூரு ஆய்வகம் 2008இல் நெரிசெல் என்ற ஆய்வை வெளியிட்டது. வண்டிக்குள் கிடக்கும் கைபேசிகளைக் கொண்டே சாலைப் பள்ளங்கள், பிரேக் அடிப்பது, ஹாரன் ஒலி ஆகியவற்றை அறிந்து, போக்குவரத்தின் நிலையைக் கணிக்க அவர்கள் முயன்றார்கள். பையில் கைபேசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே தெரியாது. எனவே எது முன், எது மேல் என்பதை முதலில் கணக்கிட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது. எனவே குறைவாக மின்சாரம் இழுக்கும் உணரி ஏதோ நடப்பதாகச் சொன்ன பிறகே அதிகம் இழுக்கும் உணரியை எழுப்பினார்கள். அருமையான உத்திகள். ஆனால் அவர்கள் தேடிய தகவலில் பாதி, வேகமும் பிரேக்கும், பல கார்களில் ஓரடி தள்ளி இருக்கும் கேன் கம்பியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் வழியில்லை.

கேட்கலாம், சொல்லக் கூடாது

கார் தகவல் கொடுக்கலாம். கைபேசியிடமிருந்தோ இணையத்திலிருந்தோ கட்டளை வாங்கலாமா? 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதற்கு அச்சமூட்டும் விடை தந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றின் பொழுதுபோக்கு அமைப்புக்குள், அதன் மொபைல் இணைப்பு வழியே, பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து நுழைந்தார்கள். அங்கிருந்து கேன் வலைக்குச் செய்தி அனுப்பி, நெடுஞ்சாலையில் எஞ்சினின் இழுவையை நிறுத்திக் காட்டினார்கள். நிறுவனம் 14 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று.

வெளியுலகத்தோடு பேசும் பெட்டியும் பிரேக்கோடு பேசும் பெட்டியும் போதிய தடையின்றி இணைந்திருந்ததுதான் சிக்கலின் வேர். இன்று இவற்றுக்கு நடுவில் வாயில்காப்பு அலகு ஒன்றை வைக்கிறார்கள். வேகம், எரிபொருள் அளவு போன்றவை வெளியே போகலாம். உள்ளே வரும் செய்திகளில் அனுமதிப் பட்டியலில் உள்ளவை மட்டுமே போக முடியும். வேலையைப் பகிரும்போது அதிகாரத்தையும் பகிர்ந்துவிடக் கூடாது என்பதே இதன் பாடம்.

பகிர்ந்தும் பாதுகாப்பாக இருக்க முடியும் என்பதற்கு டிஜிட்டல் சாவி சாட்சி. கார் நிறுவனங்களும் கைபேசி நிறுவனங்களும் சேர்ந்த கார் கனெக்டிவிட்டி கன்சார்டியம் 2021இல் வெளியிட்ட விதிமுறையில், ரகசியக் குறி கைபேசியின் தனிப் பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. கார் ஒரு கேள்வி கேட்கும். சரியான விடையைக் கைபேசி மட்டுமே கணிக்க முடியும். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையைத் திருடர்கள் இடையில் கருவி வைத்து நீட்டித்துக் காரை ஏமாற்றிய நிகழ்வுகள் உண்டு. அதைத் தடுக்க, அலை போய்வர எடுக்கும் நேரத்தை இருவரும் சேர்ந்து அளக்கிறார்கள். ஒளியைப்போலவே இந்த அலையும் ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் கருவி வைத்தால் நேரம் கூடிவிடும். கூடிய நேரத்தை யாராலும் ஒளிக்க முடியாது.

யார் முதலில் மூப்படைவார்

காருக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாம் என்போருக்கு வரலாறு இரண்டு முறை எச்சரிக்கை தந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆன்ஸ்டார் 1996இல் தொடங்கியது. அமெரிக்காவில் 2008இல் அனலாக் மொபைல் வலை மூடப்பட்டபோது, அதை மட்டுமே அறிந்த கார்களின் அவசர அழைப்பு செத்துப்போனது. 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜி வலையை மூடியபோது, பல நிறுவனங்களின் கார்களுக்கு அதே கதி. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, வண்ணம் மங்கவில்லை, ஆனால் அவசரத்தில் கூப்பிட நாதியில்லை. முதல் தலைமுறை ஈகாலும் 2ஜி, 3ஜி குரல் அழைப்பை நம்பியே அமைந்தது. அதனால்தான் 4ஜி, 5ஜி வழியே போகும் புதிய தலைமுறைக்கு ஐரோப்பா இப்போது மாறிக்கொண்டிருக்கிறது.

விரைவில் பழசாகும் வேலையைக் கைபேசியிடம் கொடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம். 2015இல் வாங்கிய காரின் திரையில் இன்றைய வரைபடம் ஓடுவது, வரைவது கைபேசி என்பதால்தான். அப்படியிருக்க, இனி வரும் தன் மின்சாரக் கார்களில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று ஜெனரல் மோட்டார்ஸ் 2023இல் அறிவித்தது. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது, எங்கே நிறுத்தி ஏற்றுவது என்பதைக் காரே நன்றாகக் கணிக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்தக் காரின் சில்லும் மோடமும் பன்னிரண்டாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது, 2025இல் ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் வந்த கார்பிளே அல்ட்ரா. இதில் வேகமானிகூட ஆப்பிளின் தோற்றத்தில் இருக்கும். கைபேசி திடீரென்று உறைந்துபோனால் வேகமானியும் உறைந்துபோகுமா? போகாது. வேலை இங்கே நுட்பமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரைபடம், பாட்டு ஆகியவற்றைக் கைபேசி வரைந்து வீடியோவாக அனுப்புகிறது. வேகமானிக்கு வேண்டிய வடிவங்களை மட்டும் முன்கூட்டியே காருக்குக் கொடுத்துவிடுகிறது; கார் தன் சொந்த எண்களை வைத்துத் தானே வரைகிறது. பின்பக்கக் கேமராவின் காட்சி கைபேசியைத் தொடாமல் நேரே திரைக்கு வருகிறது. எச்சரிக்கை விளக்குகளைக் கார் எல்லாவற்றுக்கும் மேலே வரைகிறது. ஒரே திரையில் நான்கு அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி யார் என்பது தெளிவு. கைபேசி இல்லாமல் போனால் எது நின்றால் பரவாயில்லை, எது நிற்கவே கூடாது என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய வடிவமைப்பு இது.

இருவரும் செய்ய வேண்டியது

இனி விபத்து அழைப்புக்கு வருவோம். மோதலை உணர்வதில் காருக்கு நிகரில்லை. எந்தப் பக்கம் அடி, எத்தனை ஏர்பேக் விரிந்தது, எத்தனை பெல்ட் மாட்டியிருந்தது எல்லாம் அதற்குத் தெரியும். ஈகால் தன் தகவலை ஒலியாக மாற்றிக் குரல் அழைப்புக்குள்ளேயே அனுப்பும்படி அமைந்ததும் ஆழ்ந்து யோசித்த ஏற்பாடுதான். அவசரக் குரல் அழைப்புக்கு எந்த நிறுவனத்தின் கோபுரமும் முன்னுரிமை தரும். இணையத் தரவுக்கு அந்த உறுதி கிடையாது.

கைபேசியும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது. கூகுள் பிக்சல் 4 கைபேசியில் 2019இலும், ஐபோன் 14இல் 2022இலும் கார் விபத்தை உணரும் வசதி வந்தது. ஐபோன் 14இன் முடுக்க உணரி, புவியீர்ப்பைப்போல 256 மடங்கு வரையுள்ள அதிர்ச்சியை அளக்கும். ஏர்பேக் விரியும்போது மூடிய காருக்குள் காற்றழுத்தம் மாறுவதை இன்னொரு உணரி பிடிக்கும். நொறுங்கும் சத்தத்தை மைக் கேட்கும். வேகம் சட்டென்று குறைந்ததை இடமறியும் சில்லு சொல்லும். இவ்வளவும் இருந்தும், பனிச்சறுக்கில் விழுந்தவர்களிடமிருந்தும் ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களிடமிருந்தும் அமெரிக்க அவசர மையங்களுக்குத் தவறான அழைப்புகள் போயின. தான் காருக்குள் இருக்கிறோமா என்பதே கைபேசிக்கு ஊகம்தான். காருக்கு அது ஊகமல்ல.

காரின் அழைப்பும் தோற்கலாம்: ஆன்டெனா நசுங்கலாம், வலை மூடப்பட்டிருக்கலாம், சந்தா முடிந்திருக்கலாம். கைபேசியின் அழைப்பும் தோற்கலாம்: தூக்கி எறியப்படலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், வீட்டிலேயே மறந்திருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில், வெவ்வேறு காரணங்களால் தோற்பது அரிது. அதனால் இந்த ஒரு வேலையைப் பங்கு போடுவது தவறு. ஃபோர்டின் பழைய ஏற்பாட்டில் உணர்தலும் அழைத்தலும் இருவரிடமும் பிரிந்திருந்தன. ஒருவர் விழுந்தால் சங்கிலியே அறுந்துவிடும். இருவரும் தனித்தனியே முழு வேலையையும் செய்யத் தயாராக இருக்க வேண்டும். அதோடு, ஏர்பேக் விரிந்தது என்ற செய்தியைக் கார் கைபேசிக்குச் சொல்ல வேண்டும். கைபேசியின் ஊகம் உறுதியாகும். தவறான அழைப்பு குறையும். காரின் அழைப்பு போகவில்லை என்றால் கைபேசி உடனே அழைக்கும். கைமாற வேண்டிய செய்தி சில பைட்தான். அதற்கான ப்ளூடூத் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது.

இந்தியாவுக்கு இது வெறும் பொறியியல் ஆர்வம் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். பேருந்து, டாக்ஸி போன்ற பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு ஏஐஎஸ் 140 என்ற விதிமுறையின்படி இடமறியும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும். 2019 தொடக்கத்திலிருந்து புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு அது பொருந்துகிறது. அந்தப் பொத்தானை அழுத்த ஒருவருக்கு நினைவு இருக்க வேண்டும். தனியார் கார்களில், 2019இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகி வந்த ஹூண்டாய் வென்யூ உள்பதித்த சிம்மோடு அறிமுகமானதிலிருந்து இணையக் கார்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் ஐரோப்பாவைப்போல எல்லாக் காரும் தானே அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே வரவில்லை. பல நிறுவனங்களில் இந்த வசதி, சந்தா கட்டும்வரைதான்.

விலை குறைந்த காரில் தனி மோடமும் ஆன்டெனாவும் வைப்பது செலவு என்று வாதிடுவார்கள். ஏற்றுக்கொள்வோம். ஏர்பேக் அலகு விலை குறைந்த காரிலும் இருக்கிறது. ப்ளூடூத் பலவற்றில் இருக்கிறது. கைபேசி ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கிறது. ஏர்பேக் விரிந்தது என்ற ஒரு வரிச் செய்தியை எந்தக் காரும் எந்தக் கைபேசிக்கும் சொல்லும்படி ஒரு பொது விதிமுறை வந்தால், முதல் படி மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடும். மோடம் உள்ள கார்களில் 112 அழைப்பைச் சந்தாவிலிருந்து பிரித்து, வண்டி ஓடும் காலம் முழுவதும் இலவசமாக்க வேண்டும். எந்த வலை மூடப்பட்டால் இந்தக் கார் ஊமையாகும் என்பதை விற்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்.

சட்டம் வரும்வரை நாமும் செய்யக்கூடியவை உண்டு. கைபேசியில் விபத்து உணரும் வசதி இருந்தால் அதை இயக்கி, அவசரத் தொடர்பு எண்களைப் பதிந்து வைக்கலாம். கார் வாங்கும்போது, என் கைபேசி இல்லாவிட்டால் இந்தக் காரில் எதெல்லாம் நிற்கும், சந்தா முடிந்தால் எதெல்லாம் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளை விற்பனையாளரிடம் கேட்கலாம். காரை விற்கும்போது அதில் பதிந்த நம் கைபேசித் தகவலையும், கைபேசியில் உள்ள காரின் இணைப்பையும் அழிக்க வேண்டும்.

பாட்டும் வரைபடமும் யாரிடம் ஓடினாலும் பயணம் நடக்கும். அவற்றைப் பங்கு போடும் கணக்கை நிறுவனங்கள் தங்கள் வசதிக்கும் போட்டிக்கும் ஏற்பப் போட்டுக்கொள்ளட்டும். உயிர் காக்கும் அழைப்பை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது காரின் கடமை, கைபேசியின் கடமை, இரண்டுக்கும் விதி எழுதும் அரசின் கடமை.